கொறங்காட்டுச் சரளை மண்: குழி வெட்டி, கல்லை அளந்து, பெயர் வைப்பது எப்படி?

மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தால் ஆய்வகத்தில் முதலில் அதைக் காயவைத்து 2 மி.மீ. சல்லடையில் சலிப்பார்கள். சல்லடையில் தங்கிய கல்லையெல்லாம் கொட்டிவிட்டு, கீழே விழுந்த மண்ணை மட்டும்தான் சோதிப்பார்கள். அதில் தப்பே இல்லை, முறையே அதுதான். ஆனால் உங்கள் நிலம் கொறங்காடாக, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடாக இருந்தால், தோண்டி எடுத்ததில் பாதி அந்தக் கொட்டிய குவியலில்தான் கிடக்கும். கையில் வரும் சீட்டு மீதிப் பாதியைப் பற்றியது. நானும் முதல்முறை அந்தச் சீட்டில் இருந்த எண்களை அப்படியே மொத்தக் காட்டுக்கும் போட்டுப் பார்த்து, "பரவாயில்லையே, மண் நல்லாத்தான் இருக்கு" என்று சந்தோஷப்பட்டேன். அந்த வருஷம் மழை நின்று பத்தே நாளில் புல் வெளுத்தபோதுதான் எங்கே கோட்டை விட்டேன் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

அதனால் சரளை மண்ணைப் பொறுத்தவரை வரிசை இதுதான்: முதலில் குழி, அப்புறம் கல், அப்புறம் மண், கடைசியில் பெயர். பலர் பெயரிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், அங்கேதான் சிக்கல்.

கொறங்காடு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில், குண்டடம் பக்கமெல்லாம் முள்கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகள் உண்டு. உள்ளே கொழுக்கட்டைப்புல், ஆங்காங்கே வெள்வேல மரம், மழை பெய்தால் தலைகாட்டும் நரிப்பயறும் செப்புநெருஞ்சியும். புறம்போக்கு இல்லை, தனித்தனிக் குடும்பங்களுக்குச் சொந்தமானவை. காங்கேயம் மாடு நின்று வளர்ந்த இடம் இது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் வருஷத்துக்கு 600 மி.மீ. சுற்றித்தான் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். அடியில் நைஸ் (gneiss) என்ற வரிப்பாறை. அது மக்கி மண்ணாகும்போது மற்றதெல்லாம் கரைந்து உதிர்ந்தாலும் உள்ளே நரம்பு நரம்பாக ஓடிய வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) மட்டும் உடைந்து உடைந்து அப்படியே தங்கிவிடுகிறது. உங்கள் காட்டில் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும் சரளையில் பெரும்பகுதி அதுதான்.

குழியை எங்கே வெட்டுவது?

மேடு, சரிவு, பள்ளம் என்று மூன்று இடத்தில் வெட்டினால் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் சரிவின் நடுவில் வெட்டுங்கள். வேலியோரம், கடவுக்குப் பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கம், மரத்தடி இந்த நான்கும் கூடாது. மாடு கூடி நிற்கும் இடத்தில் சாணமும் மூத்திரமும் விழுந்து விழுந்து மண்ணே வேறு மாதிரி ஆகியிருக்கும், வெள்வேல மரத்தடியில் இலையும் காயும் கொட்டிக் கொஞ்சம் கருத்திருக்கும். அங்கே எடுத்துவிட்டு இதுதான் என் காடு என்று சொன்னால், கல்யாண வீட்டில் எடுத்த போட்டோவைக் காட்டி தினமும் இப்படித்தான் இருப்பேன் என்று சொல்வது மாதிரி.

நேரம் முக்கியம். நல்ல மழை பெய்து மூன்று நான்கு நாள் கழித்து வெட்டுங்கள். சித்திரையில் இறங்கினால் கடப்பாரை துள்ளி வருமே தவிர உள்ளே போகாது. எங்கள் அப்புச்சி கடப்பாரையைப் போட்டு அது எழுப்பும் சத்தத்தை வைத்தே "இங்க ஒரு முழத்துல பாறை" என்பார், பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். நமக்கு அந்தக் காது இல்லை, வெட்டித்தான் பார்க்க வேண்டும்.

அகலம் ஒரு மீட்டர், நீளம் ஒரு மீட்டர், ஆழம் ஒரு மீட்டர் அல்லது பாறை வரும்வரை. ஒரு பக்கச் சுவர் மேல் வெயில் நேராக விழுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சுவரின் தலைப்பில் ஏறி நிற்காதீர்கள், அந்தப் பக்கம் மண்ணையும் கொட்டாதீர்கள். மேல் மண்ணை ஒரு பக்கமும் அடி மண்ணை இன்னொரு பக்கமும் தனித்தனியாகக் குவிக்க வேண்டும், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். வெட்டி முடித்ததும் மண்வெட்டி தேய்த்த வழவழப்பைக் கத்தி முனையால் கொத்திக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரைப் பாருங்கள். நிறம் எங்கே மாறுகிறது, கல் எங்கே கூடுகிறது, வேர் எங்கே நிற்கிறது என்ற மூன்று கோடுகளையும் அளவு டேப் வைத்துக் குறித்துக்கொண்டால் அடுக்குகள் தானாக வந்துவிடும்.

என் குழியில் வந்தது இப்படி: மேலே 15 செ.மீ. பழுப்புச் சிவப்பு, மணல் கலந்த லேசான மண், கல் குறைவு. அதற்குக் கீழே 50 செ.மீ. வரை நல்ல செங்கல் சிவப்பு, பிசுபிசுப்பு கூடியது, கல்லோ கல். 50க்குக் கீழே கையால் நொறுங்கும் மக்கிய பாறை. 75 தாண்டி கடப்பாரை 'டங்' என்றது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மேலே கல் குறைவு, உள்ளே அதிகம். பக்கத்துக் காட்டில் நேர் எதிராக, மேலே சரளை விரித்த மாதிரி இருக்கும், அரை அடி தோண்டினால் கல் குறைந்துவிடும். அங்கே மழைத்தண்ணீர் பொடி மண்ணை அரித்துக்கொண்டு போய்விட்டுக் கல்லை மட்டும் விட்டுப்போயிருக்கிறது. நம் குழி மாதிரி கல் உள்ளே புதைந்திருந்தால், கறையான் ஒரு காரணமாக இருக்கலாம். அது பொடி மண்ணைத்தான் மேலே தூக்கிவரும், கல்லைத் தூக்காது, நூற்றுக்கணக்கான வருஷத்தில் கல் அடியில் தங்கிவிடும். மேலே கிடக்கும் கல்லை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள் என்பது இதனால்தான்.

கல்லை அளப்பது

இதுதான் இந்த வேலையின் உயிர். கொஞ்சம் பொறுமையாகச் செய்யுங்கள்.

சாதாரண மண்ணில் இரும்பு வளையத்தை அடித்து இறக்கி, உள்ளே சிக்கிய மண்ணை எடைபோட்டு அடர்த்தி பார்ப்பார்கள். சரளையில் வளையம் இறங்காது, இறங்கினாலும் கல் தட்டிக் கோணிக்கொள்ளும். அதனால் தண்ணீர் முறைதான். எந்த அடுக்கை அளக்க வேண்டுமோ அதன் தலைமட்டத்தைச் சமமாக்கி, சுமார் 20 செ.மீ.க்கு 20 செ.மீ., ஆழம் 15 செ.மீ. இருக்கும்படி ஒரு சின்னக் குழி பறித்து, அதிலிருந்து வந்த கல், மண், தூசி எல்லாவற்றையும் ஒரு பொட்டு விடாமல் சாக்கில் சேருங்கள். அந்தச் சின்னக் குழியில் மெல்லிய பாலித்தீன் தாளை மடிப்பு மடிப்பாக ஒட்டி விரித்து, லிட்டர் பாட்டிலால் அளந்து அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். விளிம்பு மட்டத்துக்கு எத்தனை லிட்டர் பிடித்ததோ அதுதான் குழியின் கொள்ளளவு. சுவர் எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும் கணக்குத் தப்பாது.

சாக்கில் உள்ளதை வெயிலில் நன்றாகக் காயவைத்து மொத்த எடை போடுங்கள். பிறகு கட்டிகளை மரக்கட்டையால் உருட்டி உடைத்துச் சலியுங்கள். சல்லடை 2 மி.மீ. கண் உள்ளதாக இருக்க வேண்டும். ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலை போதாதா என்று கேட்பார்கள்; அதன் கண் இன்னும் சின்னது, பருமணலும் கல்லோடு சேர்ந்து தங்கிக் கணக்கைக் கெடுத்துவிடும். சலித்த பிறகு கல்லை ஒருதரம் கழுவிக் காயவையுங்கள். செம்மண் களி கல்மேல் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் கல் எடையில் ஏறிவிடும். கழுவும்போது வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு கல்லையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள், காங்கேயம் சந்திரகாந்தக் கல் என்ற மணிக்கல் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். இருக்கட்டும், அப்படியாவது உதவிக்கு ஆள் கிடைக்கிறது.

எல்லாக் கல்லும் கல் அல்ல. ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டுக் காலையில் விரலால் அழுத்திப் பாருங்கள். வெங்கச்சங்கல் அசையாது. மக்கிய பாறைத் துண்டு பொலபொலவென்று உதிர்ந்தால் அதைக் கல் கணக்கில் சேர்க்கக் கூடாது, அதில் வேர் நுழையும், தண்ணீரும் கொஞ்சம் நிற்கும். சுக்கான்கல்லும் (சுண்ணாம்புக் கட்டி) அப்படித்தான், ஊறியும் உடையாமல் கெட்டியாக இருந்தால் கல், கரைந்தால் மண்.

மிச்சமிருக்கும் கெட்டிக் கல்லை, விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய வாளியில் மெதுவாக இறக்கி, வழியும் தண்ணீரைப் பிடித்து அளந்தால் கல்லின் கன அளவு கிடைக்கும். இல்லையென்றால் எடையை 2.65ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், இந்த வகைக் கல்லுக்கு அது ஏறக்குறைய சரியாக வரும்.

என் இரண்டாவது அடுக்கின் கணக்கு: குழி பிடித்த தண்ணீர் 6 லிட்டர். காய்ந்த மொத்த எடை 11 கிலோ. அதில் கல் 6 கிலோ, மண் 5 கிலோ. எடையில் பார்த்தால் கல் 55 சதவீதம்! ஆனால் கல்லின் கன அளவு 6ஐ 2.65ஆல் வகுத்தால் 2.26 லிட்டர், அதாவது குழியில் 38 சதவீதம் மட்டுமே. இந்த இரண்டு எண்ணையும் குழப்பிக்கொள்ளாதவர் மிகக் குறைவு. ஆய்வகம் சொல்வது பெரும்பாலும் எடைக் கணக்கு, வகைப்பாட்டு விதிகள் கேட்பதோ கன அளவுக் கணக்கு. கல் கனமான சரக்கு என்பதால் எடையில் எப்போதும் பெரிதாகத் தெரியும். மீதி 3.74 லிட்டரில் 5 கிலோ மண், ஆக மண்ணின் அடர்த்தி லிட்டருக்கு 1.34 கிலோ. இறுகிப்போகவில்லை, வேர் தாராளமாகப் போகும்.

அளவுகோல் இதுதான். 2 மி.மீ. முதல் 75 மி.மீ. வரை சரளை, அதற்கு மேல் 250 மி.மீ. வரை உருளைக்கல், அதையும் தாண்டினால் பெருங்கல், குண்டு. கன அளவில் 15 சதவீதத்துக்குள் இருந்தால் சரளை என்ற அடைமொழியே தேவையில்லை. 15 முதல் 35 வரை சரளை மண், 35 முதல் 60 வரை மிகுசரளை, 60 முதல் 90 வரை அதிமிகுசரளை. நம்முடையது 38, மிகுசரளை. எடைக் கணக்கில் 40 சதவீதம் என்று வரும் ஒரு மண் கன அளவில் சுமார் 25தான் வரும், அது வெறும் சரளை. பார்த்தீர்களா, ஒரு வகுப்பே மாறிவிடுகிறது.

மீதி மண்ணைப் பார்ப்பது

சலித்த மண்ணில் ஒரு பிடி எடுத்து நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடா மாதிரி தள்ளுங்கள். நாடா 2.5 செ.மீ.க்கு முன்பே உடைந்தால் இருபொறை (மணலும் வண்டலும் களியும் கலந்த நடுத்தர மண்) அல்லது மணற்பாங்கு, 2.5 முதல் 5 வரை வந்தால் களி இருபொறை, 5ஐத் தாண்டினால் களி. என் மேல் அடுக்கு நாடாவாகவே வரவில்லை. இரண்டாவது அடுக்கு 3 செ.மீ. வந்தது. இந்த வித்தியாசம்தான் பெயர் வைக்கும்போது கை கொடுக்கப்போகிறது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அடுக்கிலிருந்தும் தனித்தனியாக ஆய்வகத்துக்குக் கொடுத்துக் களி சதவீதம் கேட்டுவிடுவது இன்னும் நல்லது. எனக்கு 14, 22 என்று வந்தது.

சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க, பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டு நுரைக்கிறதா பாருங்கள், கண்ணையும் கையையும் பார்த்துக்கொள்ளுங்கள். வினிகர் விட்டாலும் தெரியும், ஆனால் அது சோம்பேறி, சுண்ணாம்பு நிறைய இருந்தால்தான் காட்டும். சரிவில் கீழே இறங்க இறங்க சுக்கான்கல் தட்டுப்படும், அங்கே நுரை கட்டாயம் வரும். அந்த மண் வேறு வகை, மேட்டு மண்ணோடு கலந்து ஒரே மாதிரியாக அனுப்பாதீர்கள்.

கடைசியாக, இரண்டாவது அடுக்கிலிருந்து கல்லைப் பிடுங்கி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மெழுகு பூசிய மாதிரி பளபளவென்று களி படிந்திருக்கிறதா? லென்ஸ் இருந்தால் வசதி. மேலிருந்து தண்ணீர் களியைக் கரைத்துக் கொண்டுவந்து அங்கே பூசியிருக்கிறது என்று அர்த்தம். கல் இல்லாத மண்ணில் இதைக் கட்டியின் பக்கங்களில் தேட வேண்டும், சரளையில் கல்லே கண்ணாடி மாதிரி காட்டிக்கொடுத்துவிடும்.

தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்ற கணக்கையும் இப்போதே போட்டுவிடலாம். இந்த மாதிரி மண்ணில் செடி உறிஞ்சக்கூடிய ஈரம் மண்ணின் கன அளவில் சுமார் 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கல்லே இல்லாத 50 செ.மீ. மண் 60 மி.மீ. மழையைப் பிடித்து வைக்கும். நம் குழியில் மேல் 15 செ.மீ.யில் கல் 12 சதவீதம், அடியில் 35 செ.மீ.யில் 38 சதவீதம். கழித்துப் பார்த்தால் மேலே 16, கீழே 26, மொத்தம் 42 மி.மீ.தான். புல்லும் வெயிலும் சேர்ந்து நாளுக்கு 4 மி.மீ. இழுத்தால் பதினைந்து நாள் தாங்க வேண்டியது பத்து நாளில் முடிந்துவிடுகிறது. அந்த வருஷம் என் புல் வெளுத்தது ஏன் என்பது இந்தக் கணக்கைப் போட்ட அன்றைக்குத்தான் புரிந்தது. கரிமம், தழைச்சத்து, மணிச்சத்து எல்லாவற்றுக்கும் இதே கழிவுதான். சீட்டில் உள்ள எண் பொய் இல்லை, அதை ஏக்கருக்கு மாற்றும்போது கல்லைக் கழிக்காவிட்டால்தான் பொய்யாகிறது.

பெயர் வைப்பது

நம் ஊரில் சரளைக்காடு, செவக்காடு, மொரம்பு என்றெல்லாம் பெயர் இருக்கிறது, பேசுவதற்கு அது போதும். ஆனால் கடன், திட்டம், ஆராய்ச்சி என்று போனால் நாக்பூரில் இருக்கும் தேசிய மண் ஆய்வு, நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் பணியகத்தின் வரைபடங்கள்தான் பேசும். அவை பின்பற்றுவது 1975இல் முழு வடிவில் வந்த அமெரிக்க வகைப்பாட்டு முறை. பெயர்களைக் கேட்டால் பயமாக இருக்கும், பின்னாலிருந்து படித்தால் எளிது.

மூன்று கேள்விதான். அடி மண்ணில் ஒரு மாற்றமும் இல்லாமல், கொஞ்சம் சரளை மண், அடுத்தது பாறை என்று இருக்கிறதா? என்டிசால். மேடுகளில் இதுதான் அதிகம், கெட்டிப் பாறை 50 செ.மீ.க்குள் வந்தால் முன்னால் 'லித்திக்' என்று ஒட்டிக்கொள்ளும். நிறமும் கட்டமைப்பும் மாறியிருக்கிறது, ஆனால் களி சேரவில்லையா? இன்செப்டிசால். அடியில் களி கூடியிருக்கிறது, பூச்சும் தெரிகிறதா? ஆல்ஃபிசால். களி எவ்வளவு கூட வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. மேல் மண்ணில் களி 15 சதவீதத்துக்குக் குறைவென்றால் அடியில் குறைந்தது 3 புள்ளி கூட இருக்க வேண்டும். 15க்கும் 40க்கும் நடுவிலென்றால் 1.2 மடங்கு. என் குழியில் 14, அதனால் 17 போதும், இருப்பது 22. தாராளமாகத் தேறியது. ஆல்ஃபிசால் ஆக காரச்சத்து நிறைவும் (மண் பிடித்து வைத்திருப்பதில் சுண்ணாம்பு, மெக்னீசியம் போன்ற காரச்சத்துகளின் பங்கு) 35 சதவீதத்துக்கு மேல் வேண்டும், மழை குறைந்த இந்த ஊரில் பிஎச் 7ஐ ஒட்டியோ மேலேயோ இருந்தால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

புல்வெளி மண் என்றதும் உக்ரைன் கரிசல் மாதிரி கருகருவென்று மாலிசால் வராதா என்று ஒருவர் கேட்டார். வராது. அதற்குக் கருத்த தடித்த மேல் மண்ணும் குறைந்தது 0.6 சதவீதம் கரிமமும் வேண்டும். இங்கே வெயில் கரிமத்தைத் தின்றுவிடுகிறது.

ஆக நம் மண்ணின் முழுப்பெயர்: லோமி-ஸ்கெலிட்டல், மிக்ஸ்டு, ஐசோஹைபர்தெர்மிக், டிபிக் ஹாப்லஸ்டால்ஃப். வாலிலிருந்து வாருங்கள். 'ஆல்ஃப்' ஆல்ஃபிசால். 'உஸ்ட்' வருஷத்தில் ஒரு பகுதி நனைந்து மீதி காய்ந்து கிடப்பது. 'ஹாப்ல்' வேறு விசேஷம் இல்லை. 'டிபிக்' அந்த வகையின் நடுச்சராசரி. மண்ணின் சராசரி வெப்பம் 22 டிகிரிக்கு மேல், கோடைக்கும் குளிருக்கும் 6 டிகிரிக்குள் வித்தியாசம் என்றால் ஐசோஹைபர்தெர்மிக். 'மிக்ஸ்டு' கனிமக் கலவை, அது ஆய்வகம் சொல்ல வேண்டியது. 'லோமி' கல் போக மீதி மண் இருபொறைப் பாங்கு. 'ஸ்கெலிட்டல்' எலும்புக்கூடு! களி சேர்ந்த அடுக்கில் கல் கன அளவில் 35 சதவீதத்தைத் தொட்டால்தான் இந்தச் சொல் வரும். நிறம் நன்றாக அடர்ந்து, மண்ணின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் மன்செல் அட்டையில் 2.5 ஒய்ஆர் அல்லது அதைவிடச் சிவப்பாக, ஈரத்தில் இருண்ட செம்மையாக இருந்தால் ஹாப்லஸ்டால்ஃபுக்குப் பதில் ரோடுஸ்டால்ஃப்.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு வழி வந்த உலக முறையில் பார்த்தால் ஒரு வேடிக்கை. அங்கே 'ஸ்கெலிட்டிக்' என்று சொல்ல 40 சதவீதம் வேண்டும், அதுவும் ஒரு மீட்டர் ஆழம்வரை, அதற்குள் பாறை வந்தால் பாறைவரை, சராசரியாக. என் 38 தேறாது. ஒரே குழி, ஒரே கல், ஒரு முறையில் எலும்புக்கூடு, இன்னொன்றில் இல்லை. அதனால் பெயரை எழுதும்போது எந்த முறை என்பதையும், பக்கத்திலேயே 38 என்ற எண்ணையும் எழுதிவிடுங்கள். பெயர் மாறலாம், எண் மாறாது.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்: இந்த மண்ணை ஆழ உழக் கூடாது. மேலே இருக்கும் 15 செ.மீ.தான் நல்ல மண், சட்டிக் கலப்பை போட்டால் அடிச் சரளை மேலே வந்து புல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலே கிடக்கும் சின்னக் கற்களையும் பொறுக்கித் தள்ள வேண்டாம், மழைத்துளியின் அடியை அவைதான் வாங்கிக்கொள்கின்றன, ஈரம் ஆவியாவதையும் குறைக்கின்றன. காலில் இடறும் பெருங்கல்லை மட்டும் எடுத்துச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக வைத்தால் போதும்.

சரி, குழியை மூட மறக்காதீர்கள். அடி மண்ணை முதலில் தள்ளி மிதித்து, மேல் மண்ணைக் கடைசியில் போடுங்கள், தனித்தனியாகக் குவிக்கச் சொன்னது இதற்குத்தான். மாற்றிப் போட்டால் அந்த ஒரு மீட்டர் சதுரத்தில் மூன்று நான்கு வருஷத்துக்குக் கொழுக்கட்டைப்புல் வராது, என்னுடைய முதல் குழி இன்னும் சிவப்புத் தழும்பாகத் தெரிகிறது. ஒரே நாளில் வேலை முடியாவிட்டால் இரவுக்கு வெள்வேல முள்ளை வெட்டி மேலே போட்டுவிட்டு வாருங்கள், கன்றுக்குட்டி விழுந்து வைக்கும்.